பல்லாவரத்துக் கல்

சென்னைப் பட்டணத்தின் வயதை 1639-இலிருந்து எண்ணுவது நம் வழக்கம். தாம்பரம் போகும் மின்சார ரயில் பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் என்று சில நிமிடங்களில் கடந்துவிடும் ஊர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இவை பட்டணம் வளர்ந்து பரவியதால் முளைத்த ஊர்கள் அல்ல. பட்டணம்தான் இவற்றை நோக்கி வந்து சேர்ந்தது.

1863 மே 30 அன்று பல்லாவரத்துப் படை மைதானத்தை ஒட்டிய செம்புரைச் சரளைக் குழி ஒன்றில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அறிஞர் உலகம் ஏற்ற முதல் சான்று அது. நம் தொல்லியல் பாடநூல்களின் முதல் அத்தியாயத்தில் இந்தப் புறநகருக்கு இடம் கிடைத்தது அப்படித்தான்.

அதே ஊர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்ககாலப் பணி. மேலும் கீழும் சதுரம், நடுவே எட்டுப் பட்டை கொண்ட கட்டு என அவன் காலத்துக்கே உரிய கனத்த தூண்கள். பின்சுவரில் ஐந்து அறைகள். அரசனின் விருதுப்பெயர்களைச் சொல்லும் பல்லவ கிரந்த எழுத்துகள். மாமல்லபுரத்துக்கு ஓடும் நாம் இதைப் பார்க்கத் தவறுகிறோம். இன்று அது ஒரு தர்கா. தூண்களில் சுண்ணாம்பும் வண்ணமும் ஏறியிருப்பதைச் சுட்டி வருந்துவோர் உண்டு. நான் வேறுவிதமாக எண்ணுகிறேன். சுற்றியுள்ள குன்றுகளைக் கல் உடைத்தே தின்றுவிட்ட வட்டாரம் இது. இங்கே ஒரு குடைவரை முழுதாய்த் தப்பியிருக்கிறதென்றால், அங்கே விளக்கேற்றி, தொழுது, கூட்டிப் பெருக்கியவர்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. கோயிலாய்ப் பிறந்து தர்காவாய் வாழும் அந்தக் குகையை, ஊரார் புழக்கத்திலிருந்து பிரித்துப் பூட்டிவைப்பது பாதுகாப்பாகாது.

இந்தக் குன்றுகளின் கல் கல்கத்தா வரை போயிருக்கிறது. அங்கே புனித ஜான் தேவாலய வளாகத்தில் உள்ள கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் பல்லாவரத்துப் பாறையிலிருந்து வெட்டப்பட்டது. அதை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, சார்னக்கின் நினைவாக அந்தப் பாறைவகைக்கு ‘சார்னோக்கைட்’ என்று பெயரிட்டார். உலகமெங்கும் நிலவியல் மாணவர்கள் இன்றும் அந்தப் பெயரால்தான் படிக்கிறார்கள். கல் பிறந்த ஊரின் பெயர் விடுபட்டுப் போயிற்று.

பரங்கிமலையின் உச்சியில் 1523-இல் போர்ச்சுக்கீசியர் எழுப்பிய தேவாலயமும், பஹ்லவி எழுத்துகள் பொறித்த பழைய கற்சிலுவையும் உள்ளன. மலையேறும் யாத்திரிகருக்குக் கற்படிகள் அமைத்தவர் அர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. பாலத்தின் பராமரிப்புக்கென்று தனியே பணம் ஒதுக்கிய அவருடைய முன்யோசனை நம் காலத்துக்கும் வேண்டும். 1802-இல் வில்லியம் லாம்டன் தன் மாபெரும் முக்கோண அளவைக்கு முதல் அடிக்கோட்டை இந்த மலையின் அருகிலிருந்து பெரும்பாக்கம் குன்று நோக்கி இழுத்தார். நூறடி எஃகுச் சங்கிலியை மடக்கி நீட்டி, ஏழரை மைல் அளந்தார்கள். இமயம் வரை சென்ற அளவை இங்கே தொடங்கியது.

புகழ்பெற்ற இவற்றை எடுத்துச் சொல்ல யாராவது இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஐரோப்பியப் படைவீரர்கள் குடியேறிய பல்லாவரம் வெட்டரன் லைன்ஸிலும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தலைமுறைகளாய் வாழ்ந்த பரங்கிமலைத் தெருக்களிலும் எஞ்சியுள்ள தாழ்வார வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவற்றை இடிக்க ஒரு நாள் போதும். அதற்கு முன்பாக, வீட்டுக்காரர்களின் இசைவோடு ஒவ்வொன்றையும் அளந்து வரைந்து, படமெடுத்து, அங்கே வாழ்ந்த முதியோரின் பேச்சையும் பதிவுசெய்ய வேண்டும். கட்டடக்கலை மாணவர்களும் ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்தாலே இந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.