ஒரு பெயர் எல்லை தாண்டியது

அது பிறந்தது ஒரு வெப்லாஜிக் டொமைனில். ஈ.ஜே.பி.யாக எழுதிய கணக்குச் சேவையை டிப்ளாய் செய்ததும் சர்வர் அதைத் தன் ஜே.என்.டி.ஐ. மரத்தில் ஒரு பெயரோடு கட்டிவைத்தது. சொந்த டொமைனுக்குள் அதற்கு ஒரு குறையும் இல்லை. கிளஸ்டரில் எந்த சர்வரைக் கேட்டாலும் கைகாட்டும். பக்கத்து டொமைனில் ஓடிய பில்லிங் அப்ளிகேஷனுக்கு அது தேவைப்பட்டபோதுதான் பயணம் தொடங்கியது.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். டி3 முகவரி, 7001 போர்ட், பாஸ்வேர்ட் எல்லாவற்றையும் கோடுக்குள்ளேயே எழுதினேன். சர்வர் இடம் மாறினால் கோடைத் திறக்க வேண்டுமே என்று பிறகு உறைத்தது. கன்சோலில் ஃபாரின் ஜே.என்.டி.ஐ. புரொவைடர் ஒன்றை உருவாக்கி, அதன் கீழ் ஒரு லிங்க் போட்டேன். அதில் முக்கியமானவை இரண்டு கட்டங்கள்: உள்ளூர்ப் பெயர், அசல் பெயர். புகுந்த வீட்டில் மருமகளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல, பில்லிங் தனக்குத் தெரிந்த பெயரைக் கேட்கும். பிறந்த வீடு எதுவென்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை.

லுக்கப் நடந்தது. அடுத்த வரியில், மெத்தடை அழைத்த இடத்தில், லாகில் 090398, 'இன்வாலிட் சப்ஜெக்ட்'. பாஸ்வேர்டை மூன்று தடவை மாற்றிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே பயனர் பெயர், ஒரே பாஸ்வேர்ட். அப்புறம் என்ன கோளாறு?

கோளாறு முத்திரையில். டொமைன் ஒவ்வொன்றும் தன் பயனர் அடையாளத்தில் தன் ரகசியத்தைக் கொண்டு கையொப்பம் இடுகிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் கையொப்பம் வேறு. புரொவைடரில் நான் கொடுத்த பாஸ்வேர்ட் தேடுவதற்கு உதவியது. அழைப்போ த்ரெட்டில் இருந்த பழைய அடையாளத்தோடு போய் நின்றது. 'கிராஸ் டொமைன் செக்யூரிட்டி' என்ற பெட்டியைக் கண்டதும் டிக் அடித்தேன். பெயரைப் பார்த்து ஏமாந்தேன்: அது ஜே.எம்.எஸ்., ஜே.டி.ஏ. போன்ற சிலவற்றுக்குத்தான், என் ஈ.ஜே.பி.க்கு இல்லை. இரண்டு டொமைனுக்கும் ஒரே ரகசியத்தை வைத்தால் வேலை முடியும். ஆனால் அங்கே அட்மினாக இருப்பவர் இங்கேயும் அட்மின். வீட்டுச் சாவிக்கொத்தை அப்படியே அடுத்த வீட்டில் கொடுப்பது போலத்தான். அதைத் தவிர்த்து, கணக்குச் சேவையின் டொமைனில் குறைந்த உரிமையுள்ள பயனராகக் கான்டெக்ஸ்ட்டைத் திறந்து, அழைப்பு முடியும்வரை மூடாமல் வைத்தோம்.

டெஸ்ட்டில் ஓடியது. புரொடக்‌ஷனில் பெயர் கிடைத்தது, அழைப்பு தொங்கிவிட்டது. கையில் வந்த ஸ்டப் தனக்குள் ஒரு முகவரியைச் சுமந்து வந்திருந்தது: கணக்குச் சேவை ஓடிய மெஷினின் இன்னொரு நெட்வொர்க் கார்டின் முகவரி. லிஸன் அட்ரஸ் கட்டம் காலியாக இருந்ததால் வந்த வினை. ஃபயர்வால் அந்தப் பக்கமே போகவிடவில்லை. 2015-ல் டி3 வழியாக சர்வருக்குள் புகும் ஓட்டை ஒன்று அம்பலமான பிறகு, 7001-ஐத் திறந்துவிடச் சொன்னாலே நெட்வொர்க்காரர் முகம் சுளிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது.

லிஸன் அட்ரஸ் கட்டத்தில் சரியான முகவரியை எழுதி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தோம். காலையில் முதல் பில் வந்தது.