வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர்

பாலன்ஸ் ஷீட்டின் மேலே 'ரூபாய் கோடியில்' என்று போட்டிருந்தால், அதில் டீக்கடை பாக்கி தெரியாது. வரைபடத்தின் ஸ்கேலும் அப்படித்தான்.

இந்தக் கதையில் நம்ம ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1794-ல் சென்னையில் சர்வே பள்ளி தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியை வைத்து சுமார் ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் பெரும் முக்கோண அளவீடு அங்கிருந்துதான் வளர்ந்தது.

சர்வே ஆஃப் இந்தியா பிறகு வெளியிட்ட வரைபடங்களில் ஒரு மைல் ஓர் அங்குலமாகச் சுருங்கியது. அதாவது 1:63,360. மெட்ரிக் முறை வந்ததும் அது 1:50,000 ஆனது. இந்த ஸ்கேலில் 1 மி.மீ. என்பது தரையில் 50 மீட்டர். எண்ணூர் குப்பத்தில் 5 மீட்டர் அகலமுள்ள வீடு வெறும் 0.1 மி.மீ. தான். பென்சில் கோடே அதைவிடத் தடிமன்!

2011-ன் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1:25,000 ஸ்கேலில் வரைபடம் கேட்டது. அதில் கடல் உயர் ஓதக் கோட்டை அரை மி.மீ. தடிமனில் வரைந்தால், தரையில் 12.5 மீட்டர் மறைந்துவிடும். இரண்டு வீடு போச்சு. அந்த வீடுகள் கோட்டுக்கு எந்தப் பக்கம்? அதே அறிவிக்கை கிராமங்களுக்குச் சொன்ன சுமார் 1:4,000 ஸ்கேலில்தான் பதில் தெரியும். அங்கே அதே வீடு 1.25 மி.மீ. இருக்கும். (பின்னால் வரும் எண் சின்னதானால் ஸ்கேல் பெரிது, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாராவது வரைபடத்தை விரித்தால், முதலில் மூலையில் இருக்கும் ஸ்கேலைப் பாருங்கள். 'எங்க வீடு எங்கே?' என்று பிறகு கேட்கலாம்.