ஒயின் பீப்பாயில் புதைக்கப்பட்ட அறிஞர்

அரசவை விகடகவி என்றதும் நமக்குத் தெனாலிராமன்தான் நினைவுக்கு வருவார். அரசரையே மடக்குவார், தண்டனையிலிருந்து தப்புவார், பரிசும் பெறுவார். கோமாளிக்கு அரசரிடம் உண்மை பேசும் உரிமை இருந்தது என்று இக்கதைகள் நம்பவைக்கின்றன. பிரஷ்ய நாட்டில் யாக்கோப் பால் ஃபான் குண்ட்லிங் என்பவருக்கு நேர்ந்தது வேறு.

1673இல் பிறந்த குண்ட்லிங், பெர்லினில் பேராசிரியராக இருந்த வரலாற்றாசிரியர். 1713இல் பட்டத்துக்கு வந்த முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் படைக்கு வாரி இறைத்தார், கல்விக்கான செலவை வெட்டினார். அதில் குண்ட்லிங்கின் வேலையும் போனது. பிறகு அரசரே அவரைத் தம் அவைக்கு எடுத்துக்கொண்டார். தளபதிகளோடு அரசர் புகைத்துக் குடிக்கும் 'புகையிலை அவை'யில் செய்தித்தாள்களை வாசித்து விளக்குவது அவர் பணி. அதோடு முடியவில்லை. அவரைக் குடிக்கவைத்து, கேலிசெய்து, துன்புறுத்துவது அங்கே பொழுதுபோக்கானது. தப்பியோட முயன்றும் பலிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பட்டங்கள். லைப்னிட்ஸ் தலைமை வகித்த அறிவியல் கழகத்துக்கு 1718இல் அவரைத் தலைவராக்கினார் அரசர். 1724இல் பிரபு பட்டமும் கொடுத்தார். பெரிய பதவியில் இருப்பவரை இழிவுபடுத்தினால் சிரிப்பு கூடுதலாக வரும் அல்லவா? கூடவே, அறிவுக்கு இங்கே இவ்வளவுதான் மதிப்பு என்பதும் ஊருக்குப் புரிந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவே அவர் வரலாற்று நூல்கள் எழுதினார், பிராண்டன்பர்க் பகுதிக்கு வரைபடம் தயாரித்தார்.

1731 ஏப்ரல் 11 அன்று போட்ஸ்டாமில் இறந்தார். அப்போதும் விடவில்லை. ஒயின் பீப்பாய் வடிவச் சவப்பெட்டியில் வைத்து போர்ன்ஸ்டெட் தேவாலயத்தில் புதைத்தார்கள். இந்தக் கூத்தில் பங்கேற்கப் பாதிரியார்கள் மறுத்தனர். இரங்கல் உரையாற்றியவர், உயிரோடிருந்தபோது அவரைப் பழித்து எழுதிய ஃபாஸ்மன்.

சிரித்தவர்கள் சொன்னதே பிறகு வரலாறானது. குண்ட்லிங் என்றால் குடிகாரக் கோமாளி என்றே நெடுங்காலம் எழுதினார்கள். குடிக்கவைத்தது யார் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. அண்மைக்கால ஆய்வுகள்தான் அவரை அறிஞராகவும் பார்க்கின்றன.

"விளையாட்டுக்குத்தானே சொன்னோம், இதற்கா கோபம்?" என்று நம்மிடமும் கேட்பார்கள். அப்போது நாம் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றே: கேலிக்கு ஆளானவரால் எழுந்து வெளியே போக முடிந்ததா? பதிலுக்கு அதே கேலியைச் செய்ய முடிந்ததா? குண்ட்லிங்கால் முடியவில்லை. அதற்குப் பெயர் விளையாட்டு அல்ல, வன்முறை.