காஞ்சியிலிருந்து அருவிக்கு ஒரு பழைய வழி

காஞ்சி மாநகரில் கோயில்கள் உண்டு, ஏரிகள் உண்டு, தறிகளின் ஓசையும் உண்டு. அருவி மட்டும் இல்லை. அருவி காண விழையும் காஞ்சிக் குடும்பம் மேற்கே செல்ல வேண்டும். செய்யாறு, ஆரணி, போளூர் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் ஜமுனாமரத்தூர். அதன் அருகே காட்டுக்குள் விழுவது பீமன் அருவி. விடியலில் புறப்பட்டு, கட்டுச்சோறு உண்டு, சிறுவர்களை நீரில் ஆடவிட்டு, இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம். நாமும் அவ்வாறு சென்று வந்தவர்களே. ஆயினும் இந்தப் பகற்பயணத்தின் வழி நாம் எண்ணுவதைவிடப் பழையது. அதனை நினைவுகூர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நீரின் வழியைப் பார்ப்போம். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு, செங்கத்தை நனைத்து, திருவத்திபுரத்தைக் கடந்து, காஞ்சிக்கு அண்மையில் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. காஞ்சியின் வேகவதியும் அங்கே வந்து சேர்வதால்தான் அவ்வூருக்கு முக்கூடல் என்று பெயர். பதினொன்றாம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று இவ்வூர்க் கோயிலில் பொறிக்கப்பட்டது. அது 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை ஒன்றையும் அங்கு இருப்பில் வைத்த மருந்துகளையும் பட்டியலிடுவதை வரலாற்று ஆர்வலர் அறிவர். ஆகவே அருவி காண மலையேறும் காஞ்சியினர், தம் ஊர்ப்புறத்து ஆற்றின் தலைப்பகுதியை நோக்கியே நடக்கின்றனர் எனலாம்.

இந்த ஆற்றங்கரை வழிக்குச் சங்க இலக்கியத்தில் ஒரு வழிகாட்டி நூலே இருக்கிறது. பத்துப்பாட்டுள் பத்தாவதாகிய மலைபடுகடாம், செங்கத்தில் இருந்து ஆண்ட நன்னன்சேய் நன்னனை நோக்கிச் செல்லும் கூத்தருக்கு, முன்னரே பரிசில் பெற்று வந்த ஒருவன் வழி கூறுவதாக அமைந்தது. 583 அடிகள் கொண்டது. பாடியவர் இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். உ.வே.சாமிநாதையர் 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது இந்த மலைவழி மீண்டும் தமிழருக்குத் திறந்தது.

அக்கூத்தர் தனியே சென்றவர் அல்லர், சுற்றத்தோடு சென்றவர். கல்லில் நடந்து நொந்த விறலியரின் சிற்றடிகளுக்கு, ஓடி இளைத்த நாயின் நாவைப் புலவர் உவமையாக்குகிறார். வழி கூறுவோன் தரும் அறிவுரைகளோ இன்றைக்கும் பொருந்துவன. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், எனவே விடிந்தபின் நடங்கள். தினைப்புனம் காப்போர் கவண்கல் எறிவர், மரங்களின் மறைவில் செல்லுங்கள். நீர்க்கரை வழுக்கும், பற்றுக்கோடு பற்றி இறங்குங்கள். வழி பிரியும் இடத்தில் பின்வருவோர் அறியப் புல்லை முடிந்து வையுங்கள். நடுகல் கண்டால் வணங்கிச் செல்லுங்கள்.

மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் இந்நூல் இப்பெயர் பெற்றது. அவ்வோசைகளுள் அருவியில் ஆடுவோர் எழுப்பும் ஒலியும் உண்டு. புலி கிழித்த கணவனின் மார்புப்புண் ஆறுவதற்காகக் கொடிச்சியர் பாடும் பாட்டும் உண்டு. இரண்டையும் ஒரே மலையின் ஒலிகளாகக் கேட்ட புலவரின் செவி வியக்கத்தக்கது. நாம் அருவியின் ஓசையை மட்டும் கேட்டுத் திரும்புகிறோம்.

அவர் வணங்கச் சொன்ன நடுகற்கள் கற்பனை அல்ல. செங்கம் வட்டாரத்தில் ஆய்ந்து கண்ட கல்வெட்டுகள், இரா.நாகசாமி பதிப்பில் 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாகத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறையால் வெளியிடப்பெற்றன. அவற்றுள் பல, சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் முதலிய பல்லவ மன்னரின் ஆட்சியாண்டைக் குறிப்பவை. காஞ்சியில் இருந்த அரசனின் ஆண்டுக்கணக்கில்தான் இம்மலையடிவாரத்து மறவனின் மரணம் பதிவாகியிருக்கிறது. எடுத்தனூர் நடுகல் ஒன்றில் கருந்தேவகத்தி என்னும் வீரனோடு அவனுடைய நாய்க்கும் இடமுண்டு. கோவிவன் என்னும் அந்நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

இனி மலைமேல் வாழ்வோரிடம் வருவோம். ஜவ்வாது மலையின் குடிகள் தம்மை மலையாளி என்பர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர் என்பதே பொருள். அவர்களைப் பற்றிய ஒரு தொன்மக் கதையை எட்கர் தர்ஸ்டனின் 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளில் காணலாம். அக்கதை காஞ்சியில் தொடங்குகிறது.

கங்குந்தி வேடர்கள் காஞ்சியின் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டனர். வேளாளர் இகழ்ந்து மறுத்தனர். சினந்த வேடர் ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களோடு புறப்பட்டனர். ‘நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் மாண்டோம் என்று கொண்டு ஈமக்கடன் செய்துவிடுங்கள்’ என்று மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம். ஆடவர் அரும்பாடுபட்டுக் கரையேறினர். நாய்கள் பாதி ஆற்றில் திரும்பி ஊருக்கு வந்துவிட்டன. வேடரைக் கொன்று ஊர் மீண்ட எழுவரும் கண்டது, தமக்கே கடன் முடிந்து, தம் மனைவியர் கைம்மை பூண்டிருந்ததை. இறந்தவராகிவிட்டவருக்கு ஊரில் இடமில்லை. அவர்கள் வேடர்குலப் பெண்களை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்தனர் என்று கதை முடிகிறது.

இதனை வரலாற்றுச் சான்றாகக் கொள்ள இயலாது. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகிய மலைகளில் வாழும் மலையாளிகளிடமும் காஞ்சியிலிருந்து வந்தோம் என்னும் கதை வேறு வடிவில் வழங்குகிறது. சமவெளியின் உயர்நிலைச் சாதியோடு உறவு கோருவது பல மலைக்குடிகளின் கதைகளில் காணும் பொது இயல்பு என்பதையும் மறத்தற்கில்லை. ஆயினும் கதை ஓர் உண்மையைச் சொல்கிறது. ‘நாங்கள் உங்கள் உறவினர், உயிரோடு திரும்பி வந்தும் எங்களை இறந்தவராகக் கணக்கு வைத்தவர்கள் நீங்கள்’ என்பதே அதன் உட்பொருள் என்று நாம் கருதுகிறோம்.

அக்கணக்கு பழங்கதையோடு முடியவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் செம்மரம் வெட்டச் சென்றோர் எனப்பட்ட தமிழகத் தொழிலாளர் 20 பேர் இறந்தனர். அவர்களுள் ஜவ்வாது மலை ஊரினரும் இருந்தனர். பிழைப்புக்கு வழியற்று மலையிறங்கி ஆந்திரக் காட்டுக்குச் சென்றவர்கள் அவர்கள். இம்முறை அவர்கள் மீளவே இல்லை. நாளிதழ்களில் சில நாள் எண்ணிக்கையாக இருந்தார்கள். பின் அதுவும் மறைந்தது. மறவனின் நாய்க்கும் கல் நாட்டிய நிலப்பகுதி இது என்பதை நினைக்கையில் மனம் கனக்கிறது.

அருவிக்குச் செல்ல வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மழை முடிந்ததும் குழந்தைகளோடு அவசியம் செல்லுங்கள். சாமையும் தேனும் விற்கும் மலைப்பெண்ணிடம் விலை பேசும்போது, அவருடைய ஊர்ப்பெயரையும் கேளுங்கள். காஞ்சியிலிருந்து வருகிறோம் என்று சொல்லுங்கள். வழியில் நடுகல் தென்பட்டால் சற்று நின்று, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள். பின்வருவோருக்காகப் புல்லை முடிந்து வைக்கச் சொன்ன புலவர் நம்மிடம் எதிர்பார்ப்பதும் இவ்வளவே.