இன்கிசியும் சிலுவையும்: நான் அரைகுறையாக நடத்திய ஒரு பாடம்



'ஆப்பிரிக்கர்கள் மந்திரப் பொம்மைகளை வணங்கினர். பிறகு பாதிரியார்கள் வந்து மாற்றினர்' என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அது அரைப் பாடம். மீதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

இன்றைய அங்கோலாவின் வடக்கே இருந்தது காங்கோ அரசு. அங்கே காப்புப் பொருளுக்கு 'இன்கிசி' என்று பெயர். மரப்பொம்மையாகவோ துணிமுடிச்சாகவோ சிப்பியாகவோ இருக்கும். அது வெறும் கூடுதான். 'இன்கங்கா' எனும் வைத்தியர் வெண்களிமண், விதை, விலங்கு நகம் முதலியவற்றை உள்ளே வைத்துக் கட்டினால்தான் அதற்குச் சக்தி வரும். நோயும் சூனியமும் அண்டாது என்பது நம்பிக்கை.

1491-ல் மன்னர் இன்சிங்கா இன்குவு ஞானஸ்நானம் பெற்றார். அவர் மகன் முதலாம் அஃபோன்சோ காலத்தில் கிறிஸ்தவம் வேரூன்றியது. பின்னர் வந்த கப்புச்சின் துறவிகள் இன்கிசிகளைத் தீயிலிட்டார்கள். ஆனால் வெறுங்கழுத்தோடு யாரையும் விடவில்லை. சுரூபமும் ஜெபமாலையும் கொடுத்தார்கள். 1680-களில் அங்கிருந்த மெரொல்லா என்ற துறவி, குழந்தைகளுக்கு மந்திரக் கயிறு கட்டாதீர்கள், குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் கயிறு திரித்துக் கட்டுங்கள் என்று தாய்மாருக்குக் கட்டளையிட்டார். கயிறு மாறியது, கட்டும் வழக்கம் மாறவில்லை.

சொற்களையும் பாருங்கள். தேவாலயத்துக்கு அந்த மக்கள் மொழியில் வழங்கிய பெயர் 'இன்சோ ஆ இன்கிசி', அதாவது இன்கிசியின் வீடு. பாதிரியாரும் 'இன்கங்கா'தான். உள்ளூர்க் கன்னார்கள் ஆப்பிரிக்க முகமுள்ள இயேசுவோடு பித்தளைச் சிலுவைகள் வார்த்தார்கள். புனித அந்தோணியாரின் சிற்றுருவங்கள் 'டோனி மலாவ்', அதிர்ஷ்ட அந்தோணி ஆயின.

1704-ல் கிம்பா விட்டா என்ற இளம்பெண், அந்தோணியார் தன்னுள் இறங்கியிருப்பதாகச் சொல்லி எழுந்தாள். இன்கிசிகளை எரித்தாள், இயேசுவைக் கொன்ற கருவி என்று சிலுவையையும் ஒதுக்கினாள். இரு பக்கத்தாரின் காப்பையும் கேள்வி கேட்ட அவளை 1706-ல் மதத் துரோகி என்று தீயிலிட்டார்கள். அந்தோணியார் உருவங்களோ அதன் பிறகும் மக்கள் கழுத்தில் தொங்கின.

ஆப்பிரிக்கக் காப்புகளை 'ஃபெட்டிஷ்' என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேனே, அது 'ஃபெய்ட்டிசோ' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது. தங்கள் கழுத்துச் சுரூபத்தை அவர்கள் அப்படி அழைத்ததில்லை. வந்தவன் வைத்த பெயரை விசாரிக்காமல் கரும்பலகையில் எழுதியது என் தவறு. உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் இதைத் திருத்தி நடத்துங்கள்.