புதுச்சேரியில் மரபுவழிப் பிரெஞ்சுக் குடியுரிமை

புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் ஆகிய முன்னாள் பிரெஞ்சுப் பகுதிகளில் வேர்கொண்ட குடும்பத்தார், தாய் வழியாகவோ தந்தை வழியாகவோ தமக்கு வந்து சேர்ந்தது என்று பிரான்ஸ் அரசிடம் நிறுவிப் பெறும் குடியுரிமை. ஊர்ப் பேச்சில் இதன் பெயர் 'பிரெஞ்சு நேஷனாலிட்டி'. இதைப் புதிதாக யாரும் வழங்குவதில்லை. பெற்றோரில் ஒருவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் பிள்ளையும் பிறக்கும்போதே பிரெஞ்சுக்காரர் என்கிறது பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஆகவே விண்ணப்பிப்பவர் தமக்கு ஏற்கெனவே இருக்கும் ஒன்றை மெய்ப்பிக்கிறார். போலந்து, இத்தாலி போன்ற நாடுகளிலும் வம்சாவழிக் குடியுரிமை உண்டு. போலந்தில் 1920ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து கணக்கைத் தொடங்கி, முன்னோர் யாரும் இடையில் குடியுரிமையை இழக்கவில்லை என்று காட்ட வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்கோ கணக்குத் தொடங்கும் நாள் 1962 ஆகஸ்ட் 16.

அந்த நாளுக்கு முன்கதை உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று புதுதில்லியில் ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்க மேலும் ஆறு ஆண்டுகள் பிடித்தன. அதுவரை புதுச்சேரியை ஆண்டது இந்தியா; சட்டப்படி அங்கிருந்த மக்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று ஏற்பு ஆவணங்கள் பரிமாறப்பட்டதும் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன் 4 முதல் 8 வரையுள்ள பிரிவுகள்தாம் இன்றுவரை குடும்பங்களின் தலையெழுத்தைத் தீர்மானிக்கின்றன.

அந்தப் பிரிவுகள் கேட்பவை இரண்டு கேள்விகள்: எங்கே பிறந்தாய், அன்று எங்கே குடியிருந்தாய்? அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய தேங்காய்த்திட்டை எடுத்துக்கொள்வோம். இன்று மீன்பிடித் துறைமுகமும் அலையாத்திக் காடும் உள்ள பகுதி அது. அங்கே பிறந்து அன்றும் அங்கேயே வாழ்ந்தவர், விடிந்ததும் இந்தியக் குடிமகன் ஆனார். பிரெஞ்சுக்காரராகவே நீடிக்க விரும்பினால் ஆறு மாதங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தேங்காய்த்திட்டில் பிறந்து சென்னையிலோ கடலூரிலோ குடியிருந்தவருக்கும் இதே விதி, இதே அவகாசம். அதே ஊரில் பிறந்து அன்று சைகோனிலோ பாரிசிலோ குடியிருந்தவர் ஒன்றும் செய்யாமலே பிரெஞ்சுக்காரராக நீடித்தார். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால்தான் அவர் அறிவிக்க வேண்டும். இன்னொரு வகையினரும் உண்டு. தந்தை இந்தோசீனாவில் வேலை பார்த்தபோது சைகோனில் பிறந்து, பின்னர் புதுச்சேரிக்குத் திரும்பிக் குடியிருந்தவர்கள் அவர்கள். தானாகக் குடியுரிமை மாறும் விதி அந்தப் பகுதிகளில் பிறந்தவர்களை மட்டுமே குறித்ததால், பிரெஞ்சுச் சட்டத்தின் கண்ணில் இவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை இழக்கவில்லை. ஒரே வீட்டில், தேங்காய்த்திட்டில் பிறந்த அண்ணன் இந்தியராகவும் சைகோனில் பிறந்த தம்பி பிரெஞ்சுக்காரராகவும் ஆகச் சட்டம் இடம் கொடுத்தது.

பிள்ளைகளுக்காக முடிவெடுக்கும் உரிமை தந்தைக்கு இருந்தது; அவர் இல்லையேல் தாய்க்கு, இருவரும் இல்லையேல் பாதுகாவலருக்கு. பதினெட்டு வயது நிரம்பாத, மணமாகாத பிள்ளைகளின் பெயர்களை அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும். கணவரின் தேர்வு மனைவியைக் கட்டுப்படுத்தாது. மனைவி தனியே கையெழுத்திட வேண்டும். அறிவிப்பில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்பது அன்று ஒரு வரி எழுதும் வேலை. இன்று அந்தப் பிள்ளையின் பேரர்கள் அந்த ஒரு வரியைத் தேடுகிறார்கள்.

ஆறு மாதத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றிய, ஊரார் 'சொல்தா' என்று அழைத்த ஓய்வூதியர்களும் அரசு ஊழியர் குடும்பங்களும் இவர்களில் முக்கியமானவர்கள். பிரான்சோடு நாள்தோறும் கடிதப் போக்குவரத்து இருந்தவர்களுக்கு அந்த அவகாசத்தின் பொருள் புரிந்தது. எழுதப் படிக்கத் தெரியாத மீனவருக்கும் வயல் கூலிக்கும் ஆறு மாதம் போதாது. பல தலைமுறைகளுக்கு உரிய ஒரு முடிவை இவ்வளவு குறுகிய காலத்தில் கேட்டது அநியாயம். ஒப்பந்தம் எழுதியவர்கள் இதை யோசித்திருக்க வேண்டும்.

பரவலாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை இங்கே குறிப்பிட வேண்டும். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணைப்படி, இந்துச் சட்டத்தையோ இஸ்லாமியச் சட்டத்தையோ சார்ந்த தனிநிலையைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர். துறந்தவர் ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டும். காலணி அணிந்து நீதிமன்றத்தில் வாதாடியதற்காக 1873இல் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை 'லாப்போர்த்' என்ற பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதற்குக் 'கதவு' என்று பொருள். கொள்ளுத் தாத்தா ரெனோன்சான் என்பதால் நேஷனாலிட்டி உண்டு என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் 1946 மே 7ஆம் நாள் சட்டம், தனிநிலையைத் துறக்காதவர்களையும் குடிமக்களாக்கியது. 1956 ஒப்பந்தமும் ரெனோன்சான்களைத் தனியே பிரிக்கவில்லை. தேங்காய்த்திட்டில் பிறந்து அங்கேயே வாழ்ந்த ரெனோன்சான் கையெழுத்திடாமல் விட்டிருந்தால், மற்ற எல்லாரையும் போல அவரும் இந்தியர்தான்.

மெய்ப்பிக்கும் பொறுப்பு கேட்பவர் மேல் விழுகிறது என்பது உரிமையியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பிரெஞ்சுக் குடியுரிமைச் சான்றிதழ் கையில் இருந்தால் மட்டும் பாரம் எதிர்த்தரப்புக்கு மாறும். வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் வாழ்வோருக்கு அந்தச் சான்றிதழைத் தருவது பாரிஸ் நீதிமன்றம். தாத்தாவின் பிறப்புப் பதிவு, 1962-63 அறிவிப்பின் நகல், திருமணப் பதிவு, தந்தையின் பிறப்புப் பதிவு, பிறகு தம்முடையது என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் வேண்டும். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உள்ள உறவு, பிள்ளை வயதுக்கு வருமுன்பே சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் விட்ட திருமணமும், பல ஆண்டு கழித்து நீதிமன்றத் தீர்ப்பால் பதிவான பிறப்பும் இங்கேதான் சிக்கலாகின்றன.

பெயர்களோ பெரும்பாடு. முருகன் என்ற பெயரைப் பிரெஞ்சுப் பதிவாளர் எழுதினால் ஒவ்வொரு 'உ' ஒலிக்கும் ஓ, யு என இரண்டு எழுத்துகள் சேரும். கடைசி 'ன்' ஒலிக்க வேண்டுமென்று இறுதியில் ஓர் 'ஈ' எழுத்தும் ஒட்டிக்கொள்ளும். மகன் இந்தியப் பள்ளியில் சேரும்போது அதே தந்தை பெயர் ஆங்கில முறைப்படி, மூன்று எழுத்துகள் குறைந்து பதிவாகும். பேரனின் ஆதாரில் அது வெறும் தலைப்பெழுத்து. குடும்பப் பெயர் கிடையாது, தந்தை பெயரே முன்னால் நிற்கும் என்ற தமிழ் வழக்கம், தலைமுறைதோறும் ஒரே குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் பிரெஞ்சு அதிகாரிக்கு மூன்று அந்நியர்களைக் காட்டுகிறது. முருகனும் முருகனும் ஒருவரே என்று நிறுவத் தனியே ஆவணம் தேட வேண்டியதுதான். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களின் பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கையாளும் மைய அலுவலகம் நாந்த் நகரில் 1965 முதல் இயங்குகிறது. பழைய காலனிப் பதிவேடுகளுக்கு எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் ஆவணக் காப்பகத்தையும் நாட வேண்டியிருக்கும்.

எல்லா ஆவணமும் கிடைத்தாலும் காலம் என்னும் தடை இருக்கிறது. பிரிவு 30-3இன்படி, முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டிருக்க, கேட்பவரும் அவருக்குக் குடியுரிமையைக் கடத்தக்கூடிய தாயோ தந்தையோ அந்தக் காலத்தில் பிரெஞ்சுக்காரராக வாழ்ந்ததற்கான அடையாளம் ஏதுமில்லை என்றால், வம்சாவழியை மெய்ப்பிக்கவே அனுமதி கிடையாது. 1962 ஆகஸ்டிலிருந்து எண்ணினால் ஐம்பது ஆண்டுகள் 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டன. அடையாளம் என்பது பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தூதரகப் பதிவு அட்டை, வாக்காளர் பட்டியல், குடும்பப் பதிவேடு போன்றவை. தாத்தா கையெழுத்திட்டார், ஆனால் தந்தை தூதரகத்தின் பக்கமே போகவில்லை, பேரனும் போகவில்லை என்ற குடும்பத்துக்கு இந்தப் பிரிவு வாசலை அடைத்துவிடுகிறது. கையெழுத்து உண்மையாக இருந்தும் தோற்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் தொடர்பே அற்றுப்போன உரிமை காலவரையறையின்றி உயிரோடிருக்க முடியாது என்பது பிரெஞ்சுச் சட்டத்தின் நிலை.

இந்தியத் தரப்பிலும் ஒரு விலை உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இன்னொரு நாட்டின் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெறுபவர் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்கிறது 1955 குடியுரிமைச் சட்டம். அதனால் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டுடன் புதுச்சேரியிலேயே வாழ்வோர் பலர் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை வைத்திருக்கிறார்கள். அவர்கள் புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலில் வாக்களிக்க முடியாது. பிரெஞ்சு அதிபர் தேர்தலில் வாக்களிக்கலாம். பிரெஞ்சுத் தேசிய நாளான ஜூலை 14 அன்று கடற்கரையில் உள்ள போர் நினைவுச் சின்னத்தின் முன் பதக்கங்கள் அணிந்து நிற்கும் முதியவர்கள் இந்த இரட்டை வாழ்வின் கண்கண்ட சாட்சிகள். நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை, பெண் என்றால் திருமணச் சந்தையில் தனி மதிப்பு என்பதும் புதுச்சேரி அறிந்த செய்தி. ஆனால் 1973 ஜனவரிச் சட்டத்துக்குப் பிறகு, பிரெஞ்சுக்காரரை மணந்ததும் பெண் தானாகவே பிரெஞ்சுக்காரர் ஆவதில்லை. இப்போது குறைந்தது நான்கு ஆண்டு மணவாழ்வு வேண்டும். பிரான்சில் போதிய காலம் வாழவில்லை என்றால் ஐந்து ஆண்டு ஆகலாம்.

குடியுரிமை உறுதியாக உள்ள பெற்றோருக்கு இன்று செய்ய வேண்டியது எளிது. புதுச்சேரி மரைன் வீதியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகம் வழியாகக் குழந்தையின் பிறப்பைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அடுத்த கண்ணி சேர்ந்துவிடும். தேங்காய்த்திட்டிலிருந்து அந்த அலுவலகம் சில கிலோமீட்டர் தொலைவுதான்.