புல்லுக்கு இறைத்த நீர்

புது வீட்டு வாசலில் கொஞ்சம் புல்தரை போட்டால் அழகே தனி... ஒப்புக்கொள்கிறேன்! ஆனால், அந்தப் பச்சைக் கம்பளத்தின் பூர்விகம் தெரியுமா?

18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புல்தரை என்பது பிரபுக்கள் சமாசாரம். நீண்ட அரிவாள்களோடு வேலையாட்கள் வரிசையாக நின்று வெட்டுவார்கள். 'இத்தனை நிலத்தை எதுவும் பயிரிடாமல் சும்மா போட்டுவைக்க எனக்கு வசதி இருக்கிறது' என்று ஊருக்குச் சொல்லும் பந்தா அது!

ஸ்ட்ரௌட் பகுதியில் எட்வின் பட்டிங் என்றொரு இன்ஜினீயர். கம்பளித் துணியில் சிலிர்த்து நிற்கும் இழைகளை மட்டமாகக் கத்தரிக்கும் மெஷின் அங்குள்ள மில்களில் உண்டு. 'துணியைக் கத்தரிப்பது புல்லைக் கத்தரிக்காதா?' என்று யோசித்தார். 1830-ல் புல் வெட்டும் மெஷின் பிறந்தது. பிரபுவின் பந்தா மெள்ள மெள்ள நடுத்தர வர்க்கத்தின் வாசலுக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்கா இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனது. 1947-ல் நியூயார்க் அருகே லெவிட்டவுன் என்ற குடியிருப்பைக் கட்ட ஆரம்பித்தார்கள். நாலே வருடங்களில் சுமார் 17,000 வீடுகள்! மலிவு விலைதான். ஆனால், வேலி போடக் கூடாது. சீஸனில் வாரம் ஒருமுறை புல்லை வெட்டியே ஆக வேண்டும் என்று கண்டிஷன்!

அந்தக் காலத்தில் புல் விதையோடு க்ளோவர் விதையையும் கலந்து தூவுவார்கள். க்ளோவரின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தரும். அதாவது, ஓசி உரம்! உலகப் போர் முடிந்த கையோடு '2,4-டி' என்ற களைக்கொல்லி கடைக்கு வந்தது. புல்லை விட்டுவிட்டு, அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும். க்ளோவரும் காலி! உபகாரம் செய்த செடி, போகப்போகக் 'களை' ஆகிவிட்டது. அது சும்மா கொடுத்த உரத்தை மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் என்னவெல்லாம் செய்யும் என்று 1962-ல் 'சைலன்ட் ஸ்பிரிங்' நூலில் ரேச்சல் கார்சன் எழுதிய பிறகுதான் பலருக்கு உறைத்தது.

அப்புறம் தண்ணீர்ப் பஞ்சம். 1981-ல் டென்வர் நகரக் குடிநீர் வாரியம் 'ஸெரிஸ்கேப்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 'ஸெரோஸ்' என்றால் கிரேக்கத்தில் வறட்சி. விஷயம் ரொம்ப சிம்பிள். முதலில் காகிதத்தில் தோட்டத்தைப் போட்டுப் பார். ஒரே அளவு தண்ணீர் கேட்கும் செடிகளை ஒன்றாக வை. மண்ணை மூடாக்குப் போட்டு மூடு. நடமாடவும் விளையாடவும் தேவையான இடத்தில் மட்டும் புல் வளர்!

லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலம் 2021-ல் சட்டமே போட்டுவிட்டது. அலுவலக வாசல், சாலை நடுவே வெறும் அழகுக்காக வளரும் புல்லுக்கு 2027 முதல் கொலராடோ நதித் தண்ணீர் கிடையாது!

நர்சரிக்குக் கிளம்பும் முன் நாமும் ஒரு காகிதம் எடுக்கலாம். எங்கே வெயில், எங்கே நிழல், தினம் எத்தனை குடம் தண்ணீர் மிஞ்சும், வீட்டில் தவழும் குழந்தை உண்டா என்று எழுதிப் பாருங்கள். குழந்தை உண்டென்றால், எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அரளி வேண்டாம். இலை முதல் வேர் வரை விஷம்!